கோக் பனோம் டீயின் ‘இளவரசி’ உண்மையில் யார்?

கேள்வி இதுதான்: “தாய்லாந்தில் 4,000 ஆண்டு பழைய கடலோரக் குடியிருப்பு ஒன்றையும் அதன் இடுகாட்டையும் தோண்டினார்களாம். அதில் ‘இளவரசி’ ஒருத்தி கிடைத்தாளாம். எழுத்தே இல்லாத காலம், அரண்மனையும் இல்லை. வெறும் எலும்பையும் மணியையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு நம்பலாம்?”

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ‘இளவரசி’ என்பது தோண்டியவர்கள் வைத்த செல்லப்பெயர். அந்தப் பெண் எந்த அரசனுக்கும் மகள் என்பதற்குச் சான்று கிடையாது. ஆனால் அவர் பானை செய்தவர் என்பதற்குச் சான்று அவருடைய காலடியிலேயே இருந்தது. என்னைக் கேட்டால், இளவரசி என்பதைவிட அது பெரிய செய்தி. ஏன் என்று விளங்க, அவரோடு சேர்த்து மற்ற 153 பேரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இடத்தின் பெயர் கோக் பனோம் டீ. தாய்லாந்தின் சொன்புரி மாகாணத்தில், பாங் பகோங் ஆற்றின் சமவெளியில் இருக்கும் ஒரு மேடு. பெயரின் பொருளே ‘நல்ல மேடு’ என்பதுதான். சுற்றிலும் தட்டையான வயல்வெளி, நடுவில் சுமார் 12 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பரப்பு 5 ஹெக்டேர். இன்று கடற்கரைக்குப் போக 22 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அப்புறம் எப்படி இது கடலோரக் குடியிருப்பு?

கடல் அப்போது உள்ளே இருந்தது. பனிக்காலம் முடிந்து உருகிய நீர் சேர்ந்து, தாய்லாந்து வளைகுடாவில் கடல்மட்டம் இன்றைய நிலையைவிடச் சற்று மேலேயே போய் நின்ற காலம் உண்டு. பிறகு மெல்ல இறங்கியது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனது. கி.மு. 2000 வாக்கில் இந்த மேடு ஒரு பெரிய கழிமுகத்தின் வாயில், அலையாத்திக் காட்டை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, காலடியில் சேறு. மீன், நண்டு, மட்டி எதற்கும் பஞ்சமில்லாத இடம்.

சார்லஸ் ஹையமும் ரட்சனி தோசரட்டும் தலைமை தாங்க, 1984 கடைசியில் தொடங்கி ஏழு மாதம் அங்கே தோண்டினார்கள். ஹையம் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரர். ரட்சனி தாய்லாந்தின் தொல்லியலாளர். குழியின் அளவு பத்துக்குப் பத்து மீட்டர், அவ்வளவுதான். ஆனால் ஆழம் ஏறக்குறைய ஏழு மீட்டர். இரண்டு மாடி வீடு ஒன்று முழுசாக உள்ளே இறங்கிவிடும். அந்த ஆழம் முழுக்க மனிதர்கள் போட்ட குப்பைதான்: மட்டி ஓடு, மீன்முள், சாம்பல், உடைந்த பானை ஓடு. அதற்கிடையில் 154 கல்லறைகள்.

இந்த ஆழத்தை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான தொல்லியல் இடுகாடுகள் பரந்து கிடக்கும், ஆழம் இருக்காது. எது முந்தியது எது பிந்தியது என்று பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். ஒருவரைப் புதைக்கும்போது முந்தையவரின் எலும்பைக் கலைத்துவிடுவார்கள். இங்கே குப்பை மளமளவென்று சேர்ந்துகொண்டே போனதால், தாத்தாவின் கல்லறைக்கு மேல் அரை மீட்டர் சாம்பலும் ஓடும், அதற்கு மேல் மகன், அதற்கு மேல் பேத்தி என்று அடுக்கு கலையாமல் நின்றுவிட்டது. கல்லறைகள் தனித்தனிக் கொத்துகளாக இருந்தன. ஒரே இடத்தில், ஒரே கொத்தில், தலைமுறை தலைமுறையாகப் புதைத்திருக்கிறார்கள். மண்டையோட்டில் குடும்பவழி வரும் சிறு கூறுகளும், எந்தப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள் என்பதும் இந்தக் கொத்துகள் குடும்பங்கள்தான் என்ற கருத்துக்குப் பலம் சேர்த்தன. (ஆமாம், முன்பற்களை வேண்டுமென்றே பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் இருந்தது.) ஏறத்தாழ கி.மு. 2000 முதல் 1500 வரை, 17 முதல் 20 தலைமுறை. எழுத்து இல்லாத ஒரு ஊரில் இத்தனை தலைமுறையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அகழாய்வாளர்கள் இந்த 500 ஆண்டை ஏழு ஈமக் கட்டங்களாகப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. முக்கியமான திருப்பங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வந்து குடியேறியவர்கள் விவசாயிகள் இல்லை என்பதுதான் ஹையமின் கருத்து. கடலை நம்பி வாழ்ந்தவர்கள், நன்றாகப் பானை செய்யத் தெரிந்தவர்கள். இதே பகுதியில் நொங் நொர் என்ற இன்னொரு இடத்தை அவர்கள் 1990-களில் தோண்டினார்கள். அது இன்னும் பழையது, கி.மு. 2400 வாக்கு. அங்கே கோக் பனோம் டீ பானைகளைப் போன்ற பானைகளும் கல் வாய்ச்சிகளும் இருந்தன, நெல் மட்டும் இல்லை. ஆக இந்த மக்கள் எங்கிருந்தோ திடீரென்று வந்து இறங்கியவர்கள் இல்லை. அந்தக் கரையிலேயே பழகியவர்கள்.

இறந்தவர்களைக் கிழக்கே தலை வைத்து, நீட்டிப் படுக்கவைத்துப் புதைத்தார்கள். உடலில் செங்காவி பூசினார்கள். மரப்பட்டையை அடித்து மிருதுவாக்கிய துணியில் சுற்றினார்கள். சில இடங்களில் அந்தச் சுற்றுத்துணி கல்நாரால் ஆனது. மரப்பலகை மேல் கிடத்தி இறக்கினார்கள். அப்புறம் மணி, பானை என்று கொஞ்சம் பொருட்கள்.

இங்கே மனதைப் பிசைகிற விஷயம் குழந்தைகள். பிறந்த உடனே இறந்தவையும் சில மாதத்தில் இறந்தவையும் அந்த இடுகாட்டில் மிக அதிகம். சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊரில் ஏன் இப்படி? எலும்புகளை ஆராய்ந்தவர் நான்சி டெய்ல்ஸ். இரத்தசோகையின் அடையாளங்களை அவர் எலும்புகளில் கண்டார். தலசீமியா வகையைச் சேர்ந்த பரம்பரை இரத்தக் கோளாறு இருந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அதன் வேலை இப்படித்தான்: அந்த மரபணு தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரிய கெடுதல் இல்லை, மலேரியாவைத் தாங்கும் சக்தியும் கிடைக்கும். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் கடுமையான இரத்தசோகை. எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்க அளவுக்கு மீறி வேலை செய்து, எலும்பே தடித்துப் போகும். குழந்தை பிழைப்பது கஷ்டம். அலையாத்திச் சதுப்பு மீனையும் மட்டியையும் கொடுத்தது, கொசுவையும் கொடுத்தது. கொசுவிடமிருந்து காத்த அதே மரபணு, அடுத்த தலைமுறையில் சில தொட்டில்களைக் காலி செய்தது. பெரியவர்களிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் மிகச் சிலரே.

ஆண்களின் தோள், கை எலும்புகளில் தசை பிடித்திருந்த தடங்கள் ஆரம்பக் கட்டங்களில் மிக வலுவாக இருக்கின்றன. துடுப்புப் போட்டே வளர்ந்த உடம்பு என்று நினைக்கத் தோன்றுகிறது. பிற்பாடு, நாலாவது கட்டத்தில், அந்த வலு குறைகிறது. ஏன்?

ஏனென்றால் தண்ணீர் மாறிவிட்டது. குப்பையில் கலந்திருந்த நுண்ணிய உயிரிகளின் ஓடுகளும், மட்டி வகைகளும் இதைக் காட்டிக்கொடுத்தன. உப்பு நீரில் வாழ்பவை குறைந்து, நன்னீரில் வாழ்பவை பெருகின. கடல் கொஞ்சம் விலகியிருக்கலாம், ஆறு தடம் மாறியிருக்கலாம். எதுவானாலும், மேட்டைச் சுற்றி நல்ல தண்ணீர் வந்தது. நெல் போட வாய்ப்பும் வந்தது. அந்த அடுக்குகளில்தான் கருங்கல் மண்வெட்டிகளும், மட்டி ஓட்டில் செய்த அறுப்புக் கத்திகளும் கிடைக்கின்றன. அந்த ஓட்டுக் கத்திகளின் தேய்மானம் நெல் அறுத்தால் வருகிற தேய்மானத்தோடு ஒத்துப்போவதைச் சோதனை செய்தும் பார்த்தார்கள்.

அவர்கள் நெல்லைத் தின்றார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றும் உண்டு. ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டில், வயிறு இருந்த இடத்தில், அவர் கடைசியாகச் சாப்பிட்டது அப்படியே மிஞ்சியிருந்தது. பிரித்துப் பார்த்தபோது உமி, மீன்முள், செதில். செதில் நம் ஊர்க் குளங்களிலும் இருக்கிற பனையேறிக் கெண்டையின் செதில். இந்த இடத்தைப் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது இதுதான். 3,500 ஆண்டுக்கும் முன்னால் ஒரு பெண் சோறும் மீனும் சாப்பிட்டிருக்கிறார். என்ன மீன் என்பதும் நமக்குத் தெரிகிறது.

சரி, இப்போது பெண்கள் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் பதில் இதில்தான் இருக்கிறது.

பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகும், பிறகு மாறாது. குழந்தை குடிக்கும் தண்ணீர், தின்னும் சாப்பாடு வழியாக ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அதில் சேரும். ஸ்ட்ரான்சியம் அணுக்களில் எடை சற்றே வேறுபட்ட வகைகள் உண்டு, அவற்றை ஐசோடோப்பு என்பார்கள். அவற்றின் விகிதம் அந்தப் பகுதியின் பாறையைப் பொறுத்தது; கடலுக்கென்று தனி விகிதம் உண்டு. ஆக ஒருவர் எந்த ஊரில் இறந்தாலும், சிறுவயதில் எந்த மாதிரி நிலத்தில் வளர்ந்தார் என்று பல் சொல்லிவிடும். கோக் பனோம் டீ பற்களில் இதை அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். முந்தைய கட்டங்களில் பெண்கள் சிலரின் விகிதம் உள்ளூரோடு பொருந்தவில்லை, வெளியிலிருந்து வந்தவர்கள். உள்நாட்டு விவசாய ஊர்களிலிருந்து வாக்கப்பட்டு வந்திருக்கலாம், நெல் பழக்கமும் அவர்களோடு வந்திருக்கலாம். மூன்றாம் கட்டத்தின் பிற்பகுதியிலிருந்து படம் மாறுகிறது. பெண்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டிலேயே தங்கும் வழக்கம் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ‘இருக்கலாம்’ என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மாற்றம் நடந்தது என்பது பற்களிலேயே இருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் கல்லறைப் பொருட்களும் பிரிகின்றன. ஆண்களுக்கு ஆமையோட்டில் செய்த அணிகள். பெண்களுக்கும் சில குழந்தைகளுக்கும் களிமண் குமிழ்.

அந்தக் குமிழ் என்னவென்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காளான் மாதிரி இருக்கும்: பிடிக்க ஒரு காம்பு, மேலே உருண்ட தலை. பானையைச் சக்கரம் இல்லாமல் செய்யும்போது, ஈரமாக இருக்கும் பானைக்குள் இடது கையால் இதைப் பிடித்துக்கொண்டு, வெளியே வலது கையால் மரப்பலகை கொண்டு தட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் சுவர் மெலிந்து, விரிந்து, வயிறு வாங்கும். நம் குயவர்கள் உள்ளே கல்லும் வெளியே பலகையும் வைத்துத் தட்டுவது இதே முறைதான். பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் கண் பெரிதாக உதவாது. தட்டும் சத்தத்தையும் உள்ளே இருக்கும் கையின் உணர்வையும் வைத்துத்தான் சுவர் எவ்வளவு தடிமன் என்று தீர்மானிக்க வேண்டும். சின்ன வயதிலேயே கை பழகாவிட்டால் வராது. கோக் பனோம் டீ பானைகள் கறுத்து மெருகேறி, நுணுக்கமான கீறல் வேலைப்பாட்டோடு இருப்பவை. அந்த மேட்டில் சேர்ந்த சாம்பலில் பெரும்பகுதி சூளைபோட்ட சாம்பல்தான். அப்படியென்றால் தங்கள் தேவைக்கு மட்டும் செய்யவில்லை.

ஐந்தாம் கட்டத்தில் நம் ‘இளவரசி’ வருகிறார். பதிவில் அவர் 15-ஆம் எண் கல்லறை. தோண்டியவர்கள் முதலில் பார்த்தது உடலை இல்லை. சுடாத களிமண் உருளைகளை. பானை செய்ய எடுத்து வைத்த மண்ணை உருட்டி உருட்டி அவர் மேல் குவித்திருந்தார்கள். அதை அகற்றியபோது, காலுக்கு மேலே அழகான பானைகளை உடைத்துப் போட்டிருந்தது தெரிந்தது. அதற்கும் கீழே செங்காவி படிந்த எலும்புக்கூடு. வயது முப்பத்தைந்துக்குப் பக்கம். மார்பு தெரியவில்லை, அவ்வளவு மணி. மேலாடையில் வரிசை வரிசையாகக் கோத்துத் தைத்திருந்த சிப்பி மணிகள். எண்ணி முடித்தபோது 1,20,000-க்கு மேல். தோள்களில் பெரிய சிப்பி வட்டுகள், இடது மணிக்கட்டில் வளையல். வலது கணுக்கால் அருகே ஒரு களிமண் குமிழும், பானைக்கு மெருகேற்றும் இரண்டு கூழாங்கற்களும்.

அந்த மணிகளின் உழைப்பை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். சிப்பியை வெட்ட வேண்டும், துளையிட வேண்டும், கோத்து உரசி வட்டமாக்க வேண்டும். ஒரு மணிக்கு வெறும் ஐந்து நிமிடம் என்று நானாகவே மிகக் குறைவாக வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தாலும் மொத்தம் 10,000 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் மூன்று வருடத்துக்கு மேல். அத்தனை உழைப்பையும் ஒரு பெண்ணோடு மண்ணுக்குள் வைத்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்து ‘இளவரசி’ என்று வாயில் வருவது இயற்கை. ஆனால் ‘பிறப்பால் உயர்ந்தவர்’ என்று எப்போது சொல்லலாம் என்பதற்குத் தொல்லியலில் ஒரு சோதனை உண்டு. செல்வம் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறதா? எதையும் சம்பாதிக்க வயதாகாத குழந்தைக்கும் பெரிய ஈமம் நடக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு இங்கே பதில் ‘ஆமாம்’ போலத் தோன்றும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே, பெரியவருக்கு வெட்டுகிற அளவு நீளக் குழியில், பதினைந்து மாதக் குழந்தை. அதன் மேலும் களிமண் உருளைக் குவியல். அதற்கும் 12,000-க்கு மேல் மணிகள், இடது மணிக்கட்டில் வளையல். அருகே ஒரு சின்னஞ்சிறு குமிழ். பெரியவர்கள் வைத்திருக்கும் குமிழின் அதே வடிவம், குழந்தை கைக்கு ஏற்ற அளவில்.

இதைப் பட்டத்து வாரிசு என்று படிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை, ஹையமும் அப்படிச் சொல்லவில்லை. காரணம் முதல் சோதனையில் இருக்கிறது. இந்த இடுகாட்டில் செல்வம் நேர்கோட்டில் போகவில்லை. ஒரு தலைமுறை கொழிக்கிறது, அடுத்தது வெறுங்கையோடு போகிறது, பின்னொரு தலைமுறை மறுபடி எழுகிறது. ஒரே குடும்பக் கொத்துக்குள்ளேயே இந்த ஏற்ற இறக்கம். பதவி பிறப்போடு வந்திருந்தால் இப்படி ஆகாது. கைத்திறன் யாரிடம் இருந்ததோ அவர் காலத்தில் வீடு உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

காலமும் இதற்குச் சாட்சி. ஐந்தாம் கட்டத்துக்குள் உப்பு நீர் திரும்பி வந்துவிட்டது. மண்வெட்டியும் அறுப்புக் கத்தியும் காணாமல் போகின்றன. இனி நெல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சிப்பி நகைகளும் பண்டமாற்றில் வந்தவை என்பதே ஹையமின் கருத்து. பதிலுக்கு இவர்களிடம் கொடுக்க என்ன இருந்தது? பானைதான். நிலம் கைவிட்ட நேரத்தில் ஊரைத் தாங்கியது அந்தப் பெண்களின் கை. ஆகவேதான் ஈமத்தில் மணியோடு மண்ணையும் சேர்த்துக் குவித்தார்கள் என்று நினைக்கிறேன். இறந்தவர் யார் என்பதை அந்த ஊர்க்காரர்களே களிமண்ணால் எழுதி வைத்துவிட்டார்கள். அதற்குமேல் நாம் ‘இளவரசி’ என்று ஒட்டுவது, அவர்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் இருப்பது.

அந்தக் குழந்தைக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு என்பது நிரூபணமான விஷயம் இல்லை. ஒரே கட்டம், பக்கத்துப் பக்கத்துக் குழி, ஒரே மாதிரிச் சடங்கு. இவ்வளவுதான் கையில் இருக்கிறது. தாயும் மகளும் என்று உறுதியாக எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். அந்த வயதுக் குழந்தையின் எலும்பு வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எவ்வளவு நம்பலாம் என்று கேட்டீர்கள் அல்லவா. அடுக்கு வரிசை, வயது, பெரியவர்களில் ஆண் பெண் பிரிவு, சாப்பிட்டது என்ன, உப்பு நீரா நன்னீரா: இவற்றை நம்பலாம். வெளியூர்ப் பெண், உள்ளூர்ப் பெண் என்ற பிரிவையும் நம்பலாம். குடும்பக் கொத்து என்பது வலுவான ஊகம். செல்வம் பானையால் வந்தது என்பது அந்த ஊகங்களின் மேல் கட்டிய விளக்கம். எனக்கு அது நல்ல விளக்கமாகப் படுகிறது.

ஆறாம் கட்டத்தில் மேடையெழுப்பி, மண்தரையும் சுவரும் வைத்த ஒரு ஈமக் கட்டடத்தில் ஒரு பெண்ணையும் குழந்தையையும் புதைத்தார்கள். அதன் முன்னால் மரக் கட்டமைப்புக்குள் ஒரே வரிசையில் கல்லறைகள். ஏழாம் கட்டத்தில் சில கல்லறைகள்தான். கி.மு. 1500 வாக்கில் கதவு மூடுகிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5 ஹெக்டேர் என்றால் 50,000 சதுர மீட்டர். தோண்டியது 100 சதுர மீட்டர், 500-ல் ஒரு பங்கு. இவர்களுடைய வீடுகள் எங்கே இருந்தன, பக்கத்துக் குடும்பங்கள் எங்கே புதைத்தன, சூளைகள் எந்தப் பக்கம் எரிந்தன என்பதெல்லாம் அந்த மேட்டின் மிச்சப் பகுதியில், இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.